கொடியோடு கடலுக்குப் போன சம்பந்தியம்மா

வெள்ளி

ஆவணியில் கொழும்பில் கலியாண மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆடி கழிந்து முகூர்த்தங்கள் தொடங்கும் நேரமும் லண்டன், ரொறன்ரோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வந்து விழுகின்றன. உறவில் பாதி வெளிநாட்டில், மீதி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும். எல்லாரும் வந்து சேரத் தோதான இடம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம்தான். என் சிநேகிதி தன் மகளின் கலியாணத்துக்குப் போன வருடமே மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டாள். சாதகப் பொருத்தம் பார்த்து முடியும் முன்பே கட்டினாள் என்று அவளின் கணவர் சொல்கிறார். அவள் இல்லவே இல்லை என்கிறாள். ரசீதை எடுத்துத் தேதியைப் பார்க்கலாம் என்றேன். இருவருமே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கலியாணத்துக்கு நான் போகவில்லை. அதே கிழமை அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. "கலியாணத்துக்குத்தான் வரேல்லை, கதை கேக்கவாவது வா" என்று அவள் தொலைபேசியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். சரி என்று நேற்று இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். ஏ9 வீதியில் நித்திரை எங்கே வருகிறது? விடிய முன்னர் காலி வீதியில் இறக்கிவிட்டார்கள். பாண் போறணை வாசம் வந்த பக்கமாக நடந்தேன்.

அவளை இனிச் சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன். எங்கள் வட்டத்தில் முதலில் சம்பந்தி ஆனவள் அவள்தான், அந்தப் பெருமையும் அவளுக்கு நிறைய உண்டு. அவளின் கணவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்போம்.

அவர்களுடையது ஏழாம் மாடியில், மரைன் டிரைவைப் பார்த்த வீடு. கீழே வீதி, வீதிக்கு அப்பால் காலி போகும் தண்டவாளம், அதற்கும் அப்பால் கருங்கல், பிறகு கடல். கடல் தெரியும் வீடு என்று விளம்பரம் போட்டால் விலை ஏறும். வாங்கிக் குடியேறியவர்கள் முதலில் சாத்துவது அந்தப் பக்கத்து யன்னலைத்தான். உப்புக்காற்று குளிர்ப்பெட்டியின் பின்பக்கம், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, கதவுப் பிணைச்சல் எல்லாவற்றையும் தின்றுவிடும். சம்பந்தியம்மா வீட்டு யன்னல் ஒன்றின் கொளுக்கி துரு ஏறி, திறக்க முடியாமல் எத்தனையோ காலமாக அப்படியே இருக்கிறது. வெள்ளவத்தைத் தமிழர் கடலோரத்தில் வாழ்கிறோம் என்று சொல்லிக்கொள்வார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலி வீதியைப் பார்த்தபடி வாழ்கிறார்கள் என்பதுதான் சரி. நானும் படித்த காலத்தில் இங்கே அப்படித்தான் இருந்தேன்.

இந்தக் குடும்பம் கலியாணம் முடிந்த கையோடு பாய்ப்படகில் ஏறிக் கடலுக்குப் போய் வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் நான் பஸ் ஏறியது அந்தக் கதைக்காகத்தான். கலியாணக் கதை யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையிலும் கிடைக்கும்.

இன்று நித்திரை கொண்டேன். பின்னேரம் பலகாரத் தட்டம் வந்தது. கலியாணத்துக்குச் செய்த பயத்தம்பணியாரத்தில் மிச்சம் இன்னும் டின்னில் இருக்கிறது.

சனி

அல்பம் அச்சாகி வர இன்னும் நாள் எடுக்குமாம். அதனால் சம்பந்தியம்மா தன் தொலைபேசியையும் மகள் தன்னுடையதையும் மாறி மாறி என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். நோர்வே விசாவுக்குப் பத்திரங்கள் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பொறியியலாளர். தகப்பன் வழியில் ஊர் வல்வெட்டித்துறை. அந்த ஊர்ப் பெயரை மனதில் வைத்திருங்கள், பிறகு வேண்டும்.

தெகிவளையில் பல் வைத்தியசாலை வைத்திருக்கும் எங்கள் டொக்டரும் காலையிலேயே வந்துவிட்டாள், கையில் மீன் ரோல்ஸ் பெட்டியோடு. பல் டொக்டர் வீட்டுக்கு இனிப்புக் கொண்டு வரமாட்டாள். ஆனால் எங்கள் தட்டத்திலிருந்து அரியதரத்தை அவள்தான் அதிகம் எடுத்தாள்.

படங்களில் எனக்குப் பிடித்தது தாலிகட்டு இல்லை, பொன்னுருக்கல். அது மாப்பிள்ளை பக்கத்தில் நடக்கும் சடங்கு. மாப்பிள்ளையின் அப்பாச்சியும் மாமியும் இருக்கும் வெள்ளவத்தை வீட்டில் வைத்தார்கள், அதுவும் தொடர்மாடிதான். செட்டியார் தெருவிலிருந்து ஆசாரியார் வந்தார். ஆடிவேல் தேர் புறப்படுகிற கதிரேசன் கோயில் தெரு, நகைக்கடைத் தெரு, கொழும்பில் தாலிக்குப் பொன் என்றால் எல்லாரும் அங்கேதான். தங்க நாணயத்தைப் பெரியவர்கள் எல்லாரும் தொட்டுக் கொடுத்தார்கள். அதை மூசையில் வைத்து, சிரட்டைக்கரி மூட்டி, ஆசாரியார் குழலால் ஊதத் தொடங்கியதும் கூரையிலிருந்த புகைமணி அலறியது. வீடியோவில் அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. மணியை நிற்பாட்டத் தெரியாமல் மாப்பிள்ளையின் சித்தப்பா கதிரையில் ஏறிச் சால்வையால் விசிறுகிறார். கீழேயிருந்து காவலாளி தீயணைக்கும் உருளையோடு வாசலில் வந்து நிற்கிறார். ஆசாரியார் ஒருவர்தான் தலை நிமிரவில்லை, அவர் தன்பாட்டில் ஊதிக்கொண்டே இருக்கிறார். நாணயம் ஓரத்தில் இளகி, குழைந்து, ஒரு சொட்டாகத் திரண்டு உருண்டு நிற்பது நன்றாகத் தெரிகிறது. அந்த இடத்தில் யாரோ தேங்காய் உடைக்கிறார்கள். காவலாளிக்கும் ஒரு தட்டில் வடை, வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்களாம்.

பொன்னுருக்கியபின் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். முற்றம் இருந்தால் முள்முருக்கங் கொப்பை மண்ணில் நடலாம். ஆறாம் மாடியில் முற்றத்துக்கு எங்கே போவது? பெயின்ற் வாளியில் மண் நிரப்பிப் பல்கனியில் வைத்து நட்டார்கள். கொப்பு வத்தளையில் ஒரு வீட்டு வேலியில் வெட்டி, ஓட்டோவில் யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது.

கலியாண நாளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. மண்டபம் நிறைந்தது, வாகனம் விட இடமில்லை, ஐயர் வேகமாக ஓதினார், வாழையிலைச் சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல் முதல் பந்தியோடு தீர்ந்துவிட்டது. மணமக்கள் மேடைக்கு வரும்போது சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு வருவது இப்போது கட்டாயம் ஆகிவிட்டது. தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மேலே ட்ரோன் வேறு. அக்கினி வளர்த்தபின் அதை இறக்கச் சொல்லி ஐயர் கை காட்டினாராம், ஐயர் வாழ்க. ஒஸ்லோவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சிநேகிதர் நாலு பேர் ஒட்டுவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். பந்தியில் கையால் சாப்பிட்டு, மிளகாய்ப் பொரியலையும் விடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் குறித்து வைக்கிறேன். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி தோழனாக நின்று கால் கழுவிவிட, மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டார். தம்பிக்கு வயது பதினேழு, ஈர்க்குமாதிரி விரல். மோதிரம் கொஞ்சம் தளர்வு. பிறகு சின்னதாக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பின்னேரம் அப்பாச்சியைப் பார்க்கப் போனோம். பெயின்ற் வாளி பல்கனியில் இருக்கிறது. கொப்பின் கணுவில் மூன்று இலை விட்டிருக்கிறது. அப்பாச்சி ஒவ்வொரு நாளும் ஒரு செம்பு தண்ணீர் விடுகிறா. துளிர்த்தால் நல்லது என்பது நம்பிக்கை. துளிர்க்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று டொக்டர் கேட்டாள். "வேற கொப்பு நட்டிருப்பன்" என்றா அப்பாச்சி.

அப்பாச்சி கப்பல்காரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவ. மாமனாரின் தமையன் தண்டையல், கப்பல் தலைவர். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டி, பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் ஓட்டி, அரிசியும் ஓடும் ஏற்றி வந்த காலத்தை அவ சொல்லும்போது ஏதோ பக்கத்து ஒழுங்கைக்குப் போய் வந்தமாதிரி இருந்தது. 'அன்னபூரணி' கதையும் வந்தது. வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. அமெரிக்கக் கடலோடி வில்லியம் றொபின்சன் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்து 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார். அதை அத்லாந்திக்கைக் கடத்தி ஓட்டிப்போனவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்பாச்சி அப்போது பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலில் போனவர்களின் வீட்டுக்குள் என்னென்ன சண்டை நடந்தது என்பது வரைக்கும் அவவுக்குத் தெரியும். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பேரன் எல்லாரையும் திருகோணமலைக் கடலுக்குக் கூட்டிப்போனது பற்றி அப்பாச்சி அதிகம் கேட்கவில்லை. இரண்டே கேள்விதான். முதலாவது காற்றைப் பற்றி, தென்மேல் காற்றைத்தான் கச்சான் என்பது.

"வாடையோ, கச்சானோ?"

"கச்சான் அம்மா" என்றார் அண்ணை, பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளைபோல.

"சுக்கான் ஆர் பிடிச்சது?"

"நானும் பிடிச்சனான்" என்று சம்பந்தியம்மா முந்திக்கொண்டாள். அப்பாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கை நோகேல்லையோ?" என்றா. அண்ணை இருமினார். அந்த இருமலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று விளங்கிவிட்டது. நாளைக்குக் கறந்துவிடுவோம்.

ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மற்றச் சிநேகிதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை முடித்துக்கொண்டு நேரே காலிமுகத்திடலுக்கு வருவதாகச் சொன்னாள். வெயில் தாழ நாங்களும் நூறாம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கினோம்.

திடலின் நடைபாதையில் ஒரு பழைய கல் உண்டு. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைக்கிறேன் என்று பொறித்து வைத்திருக்கிறார். நாங்கள் நாலு பெண்களும் அந்த உரிமையில் கால்நீட்டி உட்கார்ந்து இஸ்ஸோ வடை வாங்கினோம். வடையின் மேல் இறால் தலையோடு ஒட்டியிருக்க, வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தருவார்கள். வலது பக்கத்தில் கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் எழும்பியிருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பக்கமும் வெறும் தண்ணீர்தான்.

முதலில், ஏன் திருகோணமலை? கண் முன்னே இவ்வளவு கடல் இருக்க, ஆறு மணித்தியாலம் வாகனத்தில் போவானேன்? காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தப் பக்கக் கரையை அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் முன்னாலேயே அலை கல்லில் மோதித் திடல்வரை தூவானம் அடித்தது. முந்திய காலத்தில் கொழும்பு வெறும் திறந்த கடல், இந்தக் காற்றில் கப்பல் நிற்க முடியாது, பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போகும். 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைத்து, 1885இல் தென்மேல் அலைத்தடுப்பு முடிந்த பிறகுதான் கொழும்பு துறைமுகம் என்று சொல்லத் தக்கதாகி, காலியின் பிழைப்பில் கை வைத்தது. அதே பருவத்தில் கிழக்குக் கரைக்கு நிலம் மறைப்பு. காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை எழும்பாது. ஆகவே ஆவணியில் பாய்ப்படகுக்காரர் எல்லாரும் கிழக்கில்தான். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் அண்ணை. கணக்காளர் அவர். ஒரு மாதத்துக்கு முன் அவருக்குக் காற்று என்றால் மின்விசிறி மட்டும்தான்.

நாலாம் சடங்கு முடிந்ததும் புறப்பட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை, மகள், தம்பி, அண்ணை, சம்பந்தியம்மா. கப்டன் திருகோணமலைக்காரத் தம்பி, அவருக்கு ஓர் உதவியாள். இரட்டை உடல் படகு என்பதால் அதிகம் சரியாது, நடுவில் மேசை போட்டுச் சாப்பிடலாம், கீழே படுக்கை, கழிவறை எல்லாம் உண்டு. மூன்று நாள், இரண்டு இரவு.

ஏறும் முன் மாப்பிள்ளை ஒரு விதி சொன்னார். நகை எல்லாம் கழற்ற வேண்டும். கயிறு இழுக்கும்போது மோதிரமோ சங்கிலியோ மாட்டினால் விரலையே எடுத்துவிடுமாம். மகள் வளையலைக் கழற்றினாள். அண்ணை மோதிரத்தைக் கழற்றினார். சம்பந்தியம்மாவின் கழுத்தில் பதினொரு பவுண் தாலிக்கொடி.

"எப்பிடியடி கழட்டிறது?" என்று எங்களிடமே நியாயம் கேட்டாள். "மனுசன் பக்கத்திலை குத்துக்கல்லாட்டம் நிக்கிறார்!"

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவளுக்கு உள்ளூர ஒரு பயம். கடலில் விழுந்தால் கொடிப் பாரத்திலேயே கீழே போய்விடுவேனோ என்று மருமகனிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு பவுண் எட்டு கிராம், பதினொரு பவுண் எண்பத்தெட்டு கிராம், இந்த உயிர்காப்பு அங்கி 150 நியூட்டன், அதாவது பதினைந்து கிலோ அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும், கொடியைப்போல இன்னும் நூற்றைம்பது கொடி போட்டுக்கொண்டு விழுந்தாலும் மிதப்பீர்கள் மாமி என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். "நூற்றைம்பது கொடி!" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது கொட்டாஞ்சேனைக்காரி வடையை விழுங்க முடியாமல் சிரித்தாள். கொடியை ரவிக்கைக்குள் விட்டு, மேலே அங்கியை இறுக்கிக் கட்டியபடிதான் கடலுக்குப் போயிருக்கிறாள். ஒரு படம் இருக்கிறது. செம்மஞ்சள் அங்கியின் கழுத்தில் கொடியின் ஒரு முழி மட்டும் எட்டிப் பார்க்கிறது.

தம்பியும் மோதிரத்தைக் கழற்றவில்லை. அம்மா கழற்றவில்லை என்றால் நான் மட்டும் ஏன் என்ற கட்சி.

கோணேசர் கோயில் மலையைக் கடலிலிருந்து பார்த்ததைச் சம்பந்தியம்மா சொன்னபோது பகிடி எல்லாம் நின்றுவிட்டது. நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை, உச்சியில் கோயில். நாங்கள் எல்லாரும் மேலேயிருந்து எட்டிக் கீழே கடலைப் பார்த்தவர்கள்தான். கீழேயிருந்து அவள் பார்த்திருக்கிறாள். அலை பாறை அடியில் போய் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம். சம்பந்தர் திருகோணமலைக்குப் பாடிய தேவாரத்தை அண்ணை மெல்லத் தொடங்க, கப்டன் தம்பியும் சேர்ந்து பாடியிருக்கிறார்.

அடுத்த அரை மணித்தியாலத்தில் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். தேசிக்காய் முகர்ந்தாள், இஞ்சி சப்பினாள், படுத்தால் இன்னும் மோசம். கண்ணுக்கு முன்னால் மேசை அசையாமல் இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ ஆடுகிறாய் என்கிறது, இரண்டும் ஒத்துவராததால்தான் இந்தக் குமட்டல் என்று டொக்டர் இடையில் புகுந்து விளக்கினாள். பல் டொக்டர் என்றாலும் டொக்டர்தானே. அதற்கு மாப்பிள்ளை செய்த மருத்துவம், மாமியைத் தூக்கிச் சுக்கானில் நிறுத்தியது. தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு படகை நீங்களே ஓட்டினால் நின்றுவிடும் என்றாராம். நின்றுவிட்டது! எவ்வளவு நேரம் ஓட்டினாள் என்பதில்தான் பிரச்சினை. அவள் ஒரு மணித்தியாலம் என்கிறாள். அண்ணை பத்து நிமிடம் என்கிறார். மகளின் வீடியோவில் நாலு நிமிடம் இருக்கிறது, அதோடு தொலைபேசி மின்சாரம் இல்லாமல் அணைந்துவிட்டது.

இரண்டாம் நாள் நிலாவெளிக்கு முன்னால் மணலில் நங்கூரம். பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது என்பதில் கப்டன் கண்டிப்பு. சின்னப் படகில் புறாத்தீவுக்குப் போய், தம்பி முகமூடி மாட்டி மீன் பார்த்தான். மோதிரம் போனது அப்போதுதான். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல், தளர்ந்த மோதிரம், பிறகென்ன? ஆழத்தில் விழுந்தது என்கிறாள் அம்மா. இடுப்பளவு தண்ணீர் என்கிறார் அப்பா. ஒரு நீல மீன் கவ்விக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன் என்று பையன் சாதிக்கிறான். "பறவாயில்லை, அடுத்த கலியாணத்துக்கு நூலிலை கட்டி விடுவம்" என்று மாப்பிள்ளை சொல்ல, "அடுத்த கலியாணமோ!" என்று மகள் அவரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாளாம்.

திரும்பும் நாள் காலையில் கச்சான் நல்ல பலம். கரையோரமாகத் தெற்கே வரும்வரை காற்று பக்கவாட்டில், படகு பறந்திருக்கிறது. கோணேசர் மலையைச் சுற்றித் துறைமுகத்துக்குத் திரும்பியதும் அதே காற்று நேரே முகத்தில். பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சரிவில் வலம் கொஞ்சத் தூரம், பிறகு பாயை மறுபக்கம் மாற்றி இடம் கொஞ்சத் தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். துறைமுகம் கண்ணுக்கு முன்னால், படகு ஒவ்வொரு தடவையும் வேறு எங்கோ போகிறது. "இஞ்சாருங்கோ, எஞ்சின் இருக்குதல்லோ, போடச் சொல்லுங்கோவன்" என்று சம்பந்தியம்மா கெஞ்ச, அண்ணை கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து விஞ்ச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் ஒருமுறை காட்டினார்.

"இந்தக் கடலுக்குப் பக்கத்திலை இருபத்தெட்டு வருசம் இருந்திட்டன்" என்றார். "ஒரு நாளும் கால் நனைக்கேல்லை."

கலியாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் பேச்சுக் குறைவு, எப்படிச் சரிவந்தது என்று கொட்டாஞ்சேனைக்காரி கேட்டாள். சம்பந்தக் கலப்பு விருந்தில் ஆட்டிறைச்சிக்கு உப்புக் குறைவு என்று அவர்கள் பக்கத்தில் ஒரு சொல் விழுந்தது உண்மைதானாம். மருமகனும் மாமியும் படகில் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த பிறகு உப்பைப் பற்றி யாரும் கதைக்கவில்லை என்றாள் சம்பந்தியம்மா.

திங்கள்

அண்ணை லீவு போட்டுவிட்டார். ஓருவை, பக்கத்தில் மிதவை கட்டிய பாய்த்தோணியை, பார்க்க வேண்டுமாம், நீர்கொழும்பில். தம்பியும் நானும் துணை. சம்பந்தியம்மா வரவில்லை, கடல் போதும் என்றாள்.

புறக்கோட்டைக்கு நடந்தபோது கோட்டையில் அந்த மணிக்கூண்டைக் காட்டினார். 1857இல் கட்டியது, பின்னர் அதன் உச்சியில் விளக்கு வைத்து வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். சுற்றிவரக் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட, 1952இல் அதைக் கைவிட்டுக் கடலோரத்தில் புதியது கட்டினார்கள். நடுத்தெருவில் நிற்கும் வெளிச்சவீட்டிலிருந்து இப்போது கடல் தெரியாது. வெள்ளவத்தைச் சனத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

240ஆம் இலக்க பஸ். லெல்லமை மீன் சந்தையில் ஏலம் முடிந்துவிட்டது, கருவாட்டுப் பாய்கள் மட்டும் வெயிலில். களப்பு வாய்க்குப் பக்கத்தில் ஓருக்களைக் கண்டோம். ஒடுங்கிய உடல், ஒருவர் இரு முழங்காலையும் சேர்த்து வைக்கத்தான் இடம். பக்கத்தில் இரண்டு வளைந்த கொம்புகளின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை. பழைய ஓருவில் ஆணி இல்லை, பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். இப்போது நிறைய ஃபைபர் உடல், பின்னால் மோட்டார். சதுரப் பாய், காவி நிறம்.

வயதான மீனவர் ஒருவர் தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். கடல் கொந்தளிப்பு, வெளியே போக முடியாது, களப்புக்குள் ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன் என்றார். ஏறினோம். அண்ணைக்கு ஒரு சந்தேகம், படகை எப்படித் திருப்புவது? மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். அதனால் இந்தப் படகு திரும்பாது. பாயின் கீழ்முனையை ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குக் கொண்டு போய்க் கட்டுவார்கள், முன்பக்கம் பின்பக்கம் ஆகிவிடும். மீனவர் அதைச் செய்து காட்டினார். பாயைத் தூக்கிக்கொண்டு அந்த ஒடுங்கிய மரத்தின்மேல் வெறுங்காலோடு நடந்து போனார், நாங்கள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருக்க. காற்றுப் பலமானால் ஒருவர் கொம்பின்மேல் ஏறி மிதவைப் பக்கம் பாரம் கொடுப்பாராம். அண்ணை தானே போகிறேன் என்று எழும்பினார். மீனவர் அவரின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஐயா போனா கட்டை முழுகிரும்" என்றார்.

என் சுரிதார் முழங்கால்வரை நனைந்தது. நல்லாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

செவ்வாய்

இன்று இரவு பஸ். காலையில் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய் வந்து, அப்பாவுக்குக் கண் மருந்தும், பிள்ளைகளுக்குப் புடைவைக் கடையில் ஏதோவும் வாங்கினேன். சம்பந்தியம்மா பலகார டின்னில் மிச்சத்தை எல்லாம் கட்டித் தந்துவிட்டாள். முறுக்கு வேண்டாம் என்றேன், அது திருகோணமலை போய் வந்த முறுக்கு, பதத்துப்போய் வளைகிறது.

மதியம் நாலு பேரும் மறுபடி கூடியதற்குக் காரணம் வேறு. விசா வந்து மகள் போய்விட்டால், அடுத்த வருடம் மே மாதத்தில் இரண்டு பேரும் லீவில் வருவார்களாம். அப்போது நாங்களும் திருகோணமலையில் படகு எடுப்பது என்று பேச்சு. எட்டுப் பேர் என்றால் தலைக்கு எவ்வளவு என்று அண்ணை கணக்குக் கொப்பியில் கோடு போட்டுவிட்டார். கொட்டாஞ்சேனைக்காரி சம்மதம், ஆனால் ஞாயிறு பூசைக்குக் கரையில் இறக்க வேண்டும். நான் பள்ளிக்கூட விடுமுறை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். டொக்டர் மட்டும் பிடி கொடுக்கவில்லை, நீந்தத் தெரியாது என்கிறாள். அங்கி பதினைந்து கிலோ தூக்கும் என்று சம்பந்தியம்மா கணக்குச் சொல்லத் தொடங்கினாள்.

"நீ எத்தனை பவுண் போட்டிருக்கிறாய் சொல்லு, நான் கூட்டிப் பாக்கிறன்" என்று கொப்பியைப் பிடுங்கிக்கொண்டாள்.